கேட்டுச் சொல்

ஸ்ரீ:
பாலக்கரை, திருச்சினாப்பள்ளி
14-6-36

அக்காவுக்குச் செண்பகவல்லி தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் இவரும் சௌக்கியம். காவேரிக்கு அந்தப் பக்கத்தில் நீ, அத்திம்பேர், உன் முட்டிவலி, மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

"இந்த மாதம் எந்த கிராமபோன் பிளேட்டு வாங்கலாம், கேட்டுச் சொல்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு இவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வெள்ளிக்கிழமைதோறும் உன் கூடத்தில் பாட்டு கேட்க வருகிற ஆறு மாமிகளும், போன மாதம் நான் சொன்ன மூன்றையும் நம் கடைக்கு ஆள் அனுப்பி வாங்கிவிட்டார்களாம். பெரிய வித்வான்களின் பிளேட்டு தானாக விற்றுப்போகும். பேர் தெரியாதவர்களுடையதுதான் கடையில் தூசி படிந்து கிடக்கும். அதைத் தள்ளிவிட என் காது ஒன்று போதும் என்கிறார். "அக்காவுக்குப் பாட்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுது. வேறு வம்பு வேண்டாம்" என்று உத்தரவு. நான் எழுதியதைப் படித்து, பிழை திருத்தி, தானே ஒட்டி, கடைக்குப் போகிற வழியில் தபாலில் போடுகிறார். ஆகையால் அத்திம்பேர் என் தமிழை மெச்சினால் பாதி மெச்சல் இவருக்கு.

இந்த மாதம் ஆபிதா பீவி. யார் என்று கேட்காதே, யாருக்கும் தெரியாது. நாகூர்ப் பக்கம் என்கிறார்கள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடினாளாம். மைக்கை மட்டும் திரைக்கு உள்ளே நீட்டினார்களாம். முதல் தடவை வார்த்தையைத் தேடாதே. இரண்டாவது அடி முடிகிற இடத்தில் மூச்சு வாங்குகிறாள். அந்த மூச்சும் பிளேட்டில் விழுந்திருக்கிறது. பெரிய ஆளாக இருந்தால் இன்னொரு தடவை பாடவைத்திருப்பார்கள். இவளுக்காக யார் மெனக்கெடுவார்கள்? நம் அதிர்ஷ்டம்.

இவருக்கு இப்போது நாயனப் பித்து. திருப்பராய்த்துறை கோதண்டம் என்று ஒருவர். மத்தியானம் சாப்பிட வந்தால் அந்த பிளேட்டைத்தான் வைக்கிறார். மூன்று நிமிஷத்துக்குத் தெருக்கோடி வரை வேறு சத்தமே எழும்பாது. இந்த வாரம் இரண்டு தடவை வைத்தார். அதை உனக்குச் சிபாரிசு செய்யமாட்டேன்.

முட்டிக்கு விளக்கெண்ணெய் தடவு. அத்திம்பேருக்கு என் நமஸ்காரம்.

செண்பகவல்லி


கீழச் சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்
22-6-36

சௌபாக்கியவதி செண்பாவுக்கு அநேக ஆசீர்வாதம். முட்டி உட்பட எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய். அடுத்த தடவை இரண்டு வரியாவது எழுது.

ஆபிதா பீவியை வெள்ளிக்கிழமை வைத்தேன். ரங்கம்மா மாமி முகத்தைச் சுளித்தாள். "ஏண்டி, பெருமாள் இருக்கிற வீதியிலே சாயபு வீட்டுப் பாட்டா?" என்றாள். பாட்டு முடிந்தது. அப்புறம் அவளேதான், "சரியாக் காதிலே விழலை, இன்னொரு தடவை வை" என்றாள். மூன்று தடவை சரியாகக் காதில் விழவில்லை அவளுக்கு. போகும்போது பிளேட்டைப் புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த மூச்சை நானும் கேட்டேன். நீ சொல்லியிராவிட்டால் கேட்டிருக்கமாட்டேன். நான் பட்டணத்தில் காலேஜில் படித்தேன், பி.ஏ. என்று போட்டுக்கொள்கிறேன், கேட்கத் தெரிந்தவள் நீதான். அப்பா உனக்கு வரன் பார்த்தபோது தயங்கினார், கடைக்காரப் பையன் என்று. "பாட்டு இருக்கிற வீடு அப்பா, செண்பா அங்கேதான் பிழைப்பாள்" என்று வாதாடியவள் நான். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை கிராமபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கிறதா? உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், உனக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேட்டார். நான் உருகிப்போய்விட்டேன்.

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஐந்து மைல். பஸ் இருக்கிறது, ஜட்கா இருக்கிறது. தை மாதத்துக்குப் பிறகு உன்னை நான் பார்க்கவில்லை. ஆடிப்பெருக்குக்கு வா. அம்மா மண்டபத்தில் உனக்காகச் சித்திரான்னத்தோடு காத்திருப்பேன்.

சத்யபாமா


பாலக்கரை
9-7-36

அக்காவுக்குத் தெண்டன். சௌக்கியம். இரண்டாவது வரி: மிகவும் சௌக்கியம்.

ஆடிப்பெருக்குக்கு வர முடியாது போலிருக்கிறது. அன்று கடையில் புதுச் சரக்கு வருகிறது, நான் கேட்டுத் தரம் பிரிக்கவேண்டும். உன் கடிதத்தைப் படித்து இவர் சிரித்தார். "ஐந்து மைலா? உன் அக்கா டேப்பு வைத்து அளந்தாளா?" என்றார்.

இடது காதில் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை. அலமாரிக் கதவு திறந்திருந்தது, கவனிக்காமல் திரும்பினேன், இடித்துவிட்டது. பாட்டு கேட்கும்போது வலது காது பெட்டிப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்துகொள்கிறேன், அவ்வளவுதான்.

இந்த மாதம் ஒரு புல்லாங்குழல். பிளேட்டில் பேர்கூடச் சரியாகப் போடவில்லை, "குழல், மணக்கால் மாஸ்டர்" என்று மட்டும். கீழ் ஸ்வரத்தில் நிற்கும்போது காற்று கொஞ்சம் ஒழுகுகிறது. அந்த ஒழுகலை அவர் மறைக்கவில்லை. மறைக்காமல் வாசிக்க எவ்வளவு தைரியம் வேண்டும் பார்.

இந்த வாரம் நாயனம் நாலு தடவை.

செண்பகவல்லி


ஸ்ரீரங்கம்
4-8-36

செண்பாவுக்கு ஆசீர்வாதம். இங்கே சௌக்கியம். நீ எழுதுகிற சௌக்கியத்தை நான் நம்பவேண்டுமானால் முதலில் காதைப் பற்றி எழுது.

பெருக்குக்குப் படித்துறையில் பத்து மணி வரை நின்றேன். ஆற்றில் தண்ணீர் மேல்படி வரை ஏறியிருந்தது. அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டே நின்றதில் சித்திரான்னம் ஆறிப்போனது.

காதை யாரிடம் காட்டினாய்? எண்ணெய் போதாது. எந்த அலமாரி அது? உன் வீட்டில் எனக்குத் தெரிந்த அலமாரி எல்லாம் உன் இடுப்பு உயரந்தானே. பிளேட்டு அடுக்குகிற அலமாரிக் கதவு உன் காதை எப்படி எட்டும்? பதில் எழுது, செண்பா. பாட்டைப் பற்றி அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

மணக்கால் மாஸ்டரை அத்திம்பேர் ரசித்தார்.

சத்யபாமா


பாலக்கரை
20-9-36

அக்காவுக்குத் தெண்டன். சௌக்கியம். ஆறு வாரமாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். வேலை.

அலமாரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது புது அலமாரி. உயரமானது. ஆனியில் வாங்கியது. இதை எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

இந்த மாதம் தொட்டியம் வீரம்மாள். மோகனம். இந்த அம்மாளை யாருக்கும் தெரியாது, இது ஒரே ஒரு பிளேட்டுதான். குரல் மெலிந்தது, ஆனால் நிமிர்ந்து நிற்கிறது. ஆலாபனையில் நாலாவது சுற்றில் மேலே போய்விட்டு மெதுவாகப் படியிறங்குகிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கே கண்ணை மூடிக்கொள். எல்லா மாமிகளும் வாங்கவேண்டியது என்று சொல். ஆறு பிளேட்டும் கடைத் தங்கையன் சைக்கிளில் கொண்டுவந்து தருவார்.

எண்ணெய் இப்போது இரண்டு பக்கமும் விடுகிறேன். நன்றாகக் கேட்கிறது.

செண்பகவல்லி


ஸ்ரீரங்கம்
3-10-36
(அனுப்பாதது)

செண்பா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. போட்டால் முதலில் படிப்பது யார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உனக்கு எழுதாமல் எனக்கு யோசிக்க வராது.

நேற்று வெள்ளிக்கிழமை. தங்கையன் கொண்டுவந்த கட்டைப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். உன் கடிதத்தை உரக்கப் படித்தேன், வழக்கம்போல. ரங்கம்மா மாமி பெட்டிக்குச் சாவி கொடுத்தாள். நாலாவது சுற்றுக்காக எல்லாரும் கண்ணை மூடத் தயாராக இருந்தார்கள்.

மோகனம் வரவில்லை. வீரம்மாள் வரவில்லை. ஏதோ நாடகக் கோமாளி ஒருவன் கழுதை மாதிரி கத்திக்கொண்டு பாடினான். மறுபக்கத்திலும் அவனேதான். கம்பெனியில் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டார்கள். இன்னொன்றை வைத்துப் பார்த்தோம். ஆறிலும் அதே கழுதை.

"அடி சத்யபாமா, உன் தங்கை கழுதைக்கு மோகனம் கத்துக்கொடுத்திருக்காளே!" என்றாள் ரங்கம்மா மாமி. "நாலாவது சுற்றிலே மெதுவாப் படியிறங்கறது, ஜாக்கிரதை, உதைக்கும்!" என்றாள் இன்னொருத்தி. கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உன் கடிதம் என் கையில் கனத்தது.

கழுதையையும் மோகனத்தையும் ஒரு பச்சைக் குழந்தை பிரித்துச் சொல்லிவிடும். நீ அந்த பிளேட்டைக் கேட்கவில்லை. லேபிளைப் பார்த்து எழுதியிருக்கிறாய். நேரம் இல்லாமலா? ஒரு மூச்சைக் கூட விடாமல் கேட்பவள் நீ. உனக்குக் கேட்கவில்லை, செண்பா. இரண்டு காதும் போய்விட்டது.

இன்று காலை பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்தேன். மாப்பிள்ளை வாசலிலேயே நின்றார். "தூங்கறா, எழுப்ப வேண்டாமே" என்றார். பதினோரு மணிக்குத் தூக்கம். சிரித்த முகம். உள்ளே பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து, ஊசி மட்டும் கர், கர், கர் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. யாரும் எழுந்து எடுக்கவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஒரு பிளேட்டைக் கையில் கொடுத்து, "வந்ததற்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். திருப்பராய்த்துறை கோதண்டம், நாயனம்.

அத்திம்பேரிடம் சொன்னேன். "கட்டிக்கொடுத்த பெண். காது மந்தம் என்றால் வைத்தியரைப் பார்ப்பார்கள். நாம் எந்த முகத்தோடு போய்க் கேட்கிறது?" என்றார். அந்த வீட்டைத் தேடிக்கொடுத்த முகம் என்னுடையது.

உன் காதுக்காகத்தான் உன்னை அந்த வீட்டில் வைத்திருக்கிறார். அது போனது அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? மாமிகளிடம் பிளேட்டைத் திருப்பி அனுப்பாதீர்கள், கடையில் யாரும் மூச்சுவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். "என்னடி இது, வேடிக்கையான விஷயத்தை வெளியிலே சொல்லாம இருக்க முடியுமா?" என்றாள் ரங்கம்மா மாமி. நான் ஏன் உன் கடிதத்தை உரக்கப் படித்தேன்?


ஸ்ரீரங்கம்
3-10-36

செண்பாவுக்கு ஆசீர்வாதம். எல்லாரும் சௌக்கியம்.

வீரம்மாள் பிரமாதம். நீ சொன்ன நாலாவது சுற்றில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மாமிகள் உன் காதைப் புகழ்ந்து தள்ளினார்கள். இன்னும் இப்படி நல்லதாகக் கேட்டுச் சொல்.

சத்யபாமா


சேசு மரி சூசை
பாலக்கரை
2-11-36

ஸ்ரீரங்கம் சத்யபாமா அம்மாளுக்கு, முன்பின் அறியாத ரோசரி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உங்கள் வீட்டில் அனைவரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். உங்கள் தங்கையைப் பற்றி அப்படி எழுத முடியாததால்தான் இந்தக் கடிதம்.

நான் அவருடைய அடுத்த வீடு. இங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். எங்களுக்கு நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். உங்கள் தங்கை வைக்கிற பாட்டையெல்லாம் ஏழு வருஷமாக ஓசியில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆபிதா பீவியைக் கேட்டு அழுதிருக்கிறேன். போன மாதம் நீங்கள் வாசலில் நின்று திரும்பிப்போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அன்றே ஓடிவந்து சொல்லியிருக்கவேண்டும். பயந்துவிட்டேன். அது என் பாவம்.

நாயன பிளேட்டு எதற்கு என்று உங்களுக்குத் தெரியாது. அடிக்கும்போது அவர் புருஷன் வைப்பார். தெருவில் போகிறவர்களுக்கு நாயனம் கேட்கும். எனக்குச் சுவரில் வந்து மோதுகிற சத்தமும் கேட்கும். ஆவணி மாதத்தில் ஒரு நாள் மூன்று தடவை வைத்தார். அதற்கப்புறம் உங்கள் தங்கைக்கு நான் சுவரைத் தட்டினால் கேட்பதில்லை. பிளேட்டு முடிந்து ஊசி ஓடிக்கொண்டே இருக்கும், எடுக்கமாட்டார். நான் பள்ளிக்கூடத்துச் சிலேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து எழுதிப் பேசினேன். புருஷனுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறார்.

இருபது நாள் முன்னால் ஸ்ரீரங்கத்திலிருந்து யாரோ ஒரு மாமா கடைக்கு வந்து, "உங்க வீட்டம்மா கழுதையை மோகனம்னு எழுதியிருக்காங்களாமே" என்று சிரித்தாராம். தங்கையன் சொன்னார். அன்று மத்தியானம் நாயனம் நிற்கவே இல்லை. இப்போது புருஷனுக்கும் தெரியும்.

"ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று எழுதிக் காட்டினேன். "அங்கே எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க டீச்சர்" என்று எழுதினார். "எதுக்காக அடிக்கிறாரு?" என்று எழுதினேன். "எதுக்குமில்லை" என்று எழுதினார். அக்காவுக்குச் சொல்லட்டுமா என்றேன். அதற்கு எழுதியதை அப்படியே எழுதுகிறேன்: "வேண்டாம். இந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்தது அக்கா. அவளால் தாங்க முடியாது."

சொல்லிவிட்டேன். இனி நாயனம் வைக்கவேண்டிய அவசியமும் இல்லாத நாள் வரும் என்று பயமாக இருக்கிறது, அம்மா. உங்கள் தங்கை கத்துவதில்லை இப்போது.

ரோசரி


ஸ்ரீரங்கம்
1-12-36

மாப்பிள்ளை வரது அவர்களுக்கு ஆசீர்வாதம். தாங்களும் செண்பகவல்லியும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே பெருமாள் காப்பாற்றுகிறார்.

ஒரு கடை விஷயம். வைகுண்ட ஏகாதசிக்கு எங்கள் அகத்தில் பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் கூடுகிறார்கள். சில வீடுகளில் புதுப் பெட்டி வாங்கும் யோசனை இருக்கிறது. செண்பகவல்லி பேர் சொன்னால்தான் வாங்குவோம் என்கிறார்கள். அவள் வந்து நடுவில் உட்கார்ந்தாலே போதும். எந்தப் பாட்டு நல்லது என்பதைத் தாங்களே ஒரு பட்டியலில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், நான் வாசித்துவிடுகிறேன். காது மந்தமாக இருப்பது யாருக்கும் தெரியவேண்டாம். கடைக்குக் கெட்ட பேர் வருவதில் எனக்கும் சம்மதமில்லை.

சத்யபாமா


ஸ்ரீ:
திருச்சினாப்பள்ளி
12-12-36

மதிப்பிற்குரிய அம்மாளுக்கு, வரது அநேக நமஸ்காரம். உபய க்ஷேமம். தங்கள் சகோதரி சௌக்கியமாக இருக்கிறாள். என் பொறுப்பில் இருக்கிறவரை சௌக்கியமாகவே இருப்பாள்.

தங்கள் கடிதம் புத்திசாலித்தனமாக இருந்தது. கழுதையைப் பிரமாதம் என்று தாங்கள் எழுதிய அக்டோபர் மாதத்துக் கடிதத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுப்பதில்லை, நல்ல குணம்.

ஏகாதசியன்று காலை நானே கொண்டுவந்து விடுகிறேன். பரமபத வாசல் சேவித்துவிட்டு, ஊரில் இரண்டு மூன்று பேரைப் பார்த்துவிட்டு, ஐந்து மணிக்கு வந்து அழைத்துப்போவேன். பட்டியல் அவள் கையில் இருக்கும். அவள் வேறு எதையாவது எழுதிக் காட்டினால் தாங்கள் பெரிதுபடுத்த வேண்டாம். காது போனவர்களுக்கு இல்லாததெல்லாம் கேட்கும் என்று சொல்வார்கள்.

அத்திம்பேருக்கு என் வந்தனம். ஐந்து மணி.

வரது


24-12-36, வைகுண்ட ஏகாதசி
ஸ்ரீரங்கம்
(கடைப் பட்டியலின் பின்பக்கத்தில், இரண்டு கையெழுத்தில்)

செண்பா, சௌக்கியமா என்று எத்தனையோ கடிதத்தில் கேட்ட கேள்வியை இன்று கேட்கப்போவதில்லை. உன் காதைப் பார்த்துவிட்டேன். கழுத்தையும் பார்த்துவிட்டேன். எதிரே உட்கார்ந்து எழுதுகிறேன், நீ பதில் எழுது. இந்தக் காகிதத்தை நம் இருவரைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை.

அக்கா, பன்னிரண்டு வீட்டு மாமிகள் எங்கே?

யாரும் வரப்போவதில்லை. உன்னை இங்கே வரவழைக்க அப்படி எழுதினேன்.

வீரம்மாள் பிரமாதம் என்று எழுதினாயே. அதை நம்பி நான் ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். மோகனம் எனக்குத் தெரியாதா, அதனால் ஊகித்தேன். பெட்டியின் மேல் கையை வைத்தேன். எல்லாப் பாட்டும் கைக்கு ஒன்று போலத்தான் இருக்கிறது, அக்கா.

பிரமாதம் என்று எழுதியது பொய். உன் கடிதத்தை மாமிகளுக்கு உரக்கப் படித்தது நான். அதனால்தான் அவருக்குத் தெரிந்தது. அந்த வீட்டைத் தேடிக் கொடுத்ததும் நான். உன்னைத் திருப்பி அனுப்பமாட்டேன். இன்றைக்கு இல்லை, என்றைக்கும் இல்லை.

அத்திம்பேர் சம்மதிக்கமாட்டார்.

ரோசரி டீச்சர் எழுதிய கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். இப்போது வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டது அவர்தான். குறுக்குக் கட்டையும் போட்டிருக்கிறார். தானும் அங்கேயே நிற்கிறார்.

மணி என்ன?

ஐந்தாகப் பத்து நிமிஷம்.

அவர் நேரம் தவறமாட்டார். அக்கா, ஒன்று சொல்லட்டுமா. ஆபிதா பீவியின் அந்த மூச்சு இன்னும் தலைக்குள் இருக்கிறது. அது மட்டும் போகவில்லை. நீ அந்த பிளேட்டை ரங்கம்மா மாமியிடமிருந்து வாங்கிவை.

வாங்குகிறேன்.

நீ ஏன் கதவைப் பார்க்கிறாய்?

வந்துவிட்டார். தட்டுகிறார். நீ எழுந்திருக்காதே.

நிதானமாகத் தட்டுகிறாரா, தொடர்ந்தா?

நிதானமாக. உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். சிரித்த குரல்.

அதுதான் மோசம். தரையில் கை வைத்திருக்கிறேன். இப்போது வேகம் கூடியிருக்கிறது, இல்லையா?

ஆமாம். தெருவில் ஆள் கூடுகிறது. அத்திம்பேர் ஏதோ பதில் சொல்கிறார். செண்பா, என் பக்கத்தில் வந்து உட்கார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அக்கா. இனிமேல் நீதான் கேட்டுச் சொல்லவேண்டும். கதவு தாங்குமா? கேட்டுச் சொல்.